புளோரன்ஸ் நோலின் மாணவப் பருவ வரைபடங்கள்: அவரே தேர்ந்து கொடுத்த தொகுப்பைச் சான்றாகக் கொள்ளலாமா?

கேள்வி (முதுகலை மாணவி)

அனைவருக்கும் வணக்கம். உள்ளக வடிவமைப்பு முதுகலையின் இறுதிக் கட்டுரைக்கு, அமெரிக்க வடிவமைப்பாளர் புளோரன்ஸ் நோல் பாசெட் (1917–2019) மாணவியாக இருந்த காலத்து வரைபடங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய ஆவணங்கள் அமெரிக்க அரசின் அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியனைச் சேர்ந்த அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1932 முதல் 2000 வரையிலான தாள்கள் அவை. சிக்கல் என்னவென்றால், அவற்றைத் தேர்ந்தெடுத்ததும் வரிசைப்படுத்தியதும் அவரேதான். 80 வயதைக் கடந்த, புகழின் உச்சியைத் தொட்டு இறங்கிய ஒருவர், தம் பதின்பருவ வேலைகளில் எதை வைப்பது, எதை விடுவது என்று தாமே முடிவு செய்திருக்கும்போது, அதைக் கொண்டு அவர் பெற்ற கல்வியைப் பற்றி நான் எழுதுவது முறையாகுமா? இது தன்வரலாறுதான், சான்று அன்று என்கிறார் என் நெறியாளர். பெட்டியைத் திறந்து பார்க்காமலேயே அப்படிச் சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி (ஆவணக் காப்பகப் பணியில் இருப்பவர்)

உங்கள் நெறியாளர் சொல்வதில் பாதி சரி. இத்தகைய தொகுப்பில் ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு காலங்கள் உண்டு. கோடு இழுக்கப்பட்டது 1930களில். அந்தத் தாள் எந்த உறையில், எதற்கு அடுத்ததாக, என்ன விளக்கத்தோடு வைக்கப்பட்டது என்பது 2000ஆம் ஆண்டையொட்டிய முடிவு. இரண்டையும் ஒரே அடிக்குறிப்பில் குழப்பாமல் தனித்தனியே குறிப்பிட்டால் உங்கள் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆவணத்தைக் கொடுத்தவர் வைத்திருந்த வரிசையைக் கலைக்காமல் காப்பது எங்கள் தொழிலின் அடிப்படை விதிகளில் ஒன்று. இங்கே அந்த வரிசையும் ஒரு வடிவமைப்பாளரின் கைவேலை என்பதால் அதைப் படிப்பது கூடுதல் பயன் தரும்.

கணினித் திரையில் மட்டும் பார்த்து எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஒளிப்படியில் எல்லாத் தாளும் ஒரே அளவாகத் தெரியும். தாளின் உண்மையான அளவு என்ன, பின்பக்கத்தில் ஏதேனும் எழுதியிருக்கிறதா, ஆண்டைக் குறித்த மை வரைபடத்து மையிலிருந்து வேறுபடுகிறதா, ஆசிரியரின் திருத்தக் கோடு எங்கேனும் பென்சிலில் நிற்கிறதா என்பவற்றைக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

மறுமொழி (உள்ளக வடிவமைப்பாளர்)

மேலே ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அவர் தொடாத கேள்வி ஒன்று இருக்கிறது: கொடுக்கத் தகுந்த பெரிய வேலைகள் ஏராளமாக இருந்தும், நோல் தம் தொகுப்பை ஏன் 1932இலிருந்து தொடங்க வேண்டும்?

அவருடைய வாழ்க்கையைப் பாருங்கள். ஐந்து வயதில் தந்தையையும் பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தவர், 1932இல் மிச்சிகனில் கிரான்புரூக் கல்வி வளாகத்தின் கிங்ஸ்வுட் பள்ளியில் சேர்ந்தார். கட்டடக்கலைஞர் எலியல் சாரினன் எழுப்பிய அந்தக் கட்டடத்தில் துணிகளும் விரிப்புகளும் அவர் மனைவி லோயாவின் கூடத்தில் உருவானவை. நாற்காலிகள் மகன் ஈரோவின் வடிவமைப்பு. உள்ளலங்காரத்தில் மகள் பிப்சனுக்கும் பங்குண்டு. சுவருக்கும் விரிப்புக்கும் இடையே வேலியே இல்லாத ஒரு கட்டடத்தில் அந்தச் சிறுமி தங்கிப் படித்தார். அங்கே கலைப் பிரிவின் பொறுப்பில் இருந்த கட்டடக்கலைஞர் ரேச்சல் ரேஸ்மனின் வழிகாட்டலில் அவர் செய்த முதல் பெரிய வேலை, உள்ளும் புறமும் ஒன்றாகத் திட்டமிடப்பட்ட ஒரு வீடு. பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், லண்டன் கட்டடக்கலைச் சங்கப் பள்ளி, போர் மூண்டதால் மீண்டும் அமெரிக்கா, கட்டடக்கலைஞர்கள் குரோப்பியஸ், பிராயர் ஆகியோரிடம் சிறிது காலப் பணி, இறுதியாகச் சிகாகோவில் மற்றொரு புகழ்பெற்ற கட்டடக்கலைஞரான மீஸ் வான் டெர் ரோவிடம் படித்து 1941இல் பட்டம்.

இவ்வளவு படித்தவருக்கு நியூயார்க்கின் கட்டடக்கலை அலுவலகம் ஒன்றில் உள்ளக வேலைகள் ஒதுக்கப்பட்டன. பெண் என்பதால் அப்படி நேர்ந்தது என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். 1943இல் ஹான்ஸ் நோலின் அறைகலன் நிறுவனத்தில் சேர்ந்து, அங்கே திட்டமிடல் பிரிவை நடத்திப் புகழ்பெற்ற பிறகும் அவரை அலங்காரக்காரர் என்று அழைப்பவர்கள் இருந்தார்கள். அது அவருக்குப் பிடித்ததே இல்லை. ஆகவே அந்த மாணவப் பருவத் தாள்களை நான் மலரும் நினைவுகளாகப் பார்க்கவில்லை. திரைச்சீலை தேர்ந்தெடுக்க வந்தவள் அல்லள், கட்டடம் வரையக் கற்றவள் என்று அவர் எடுத்துவைக்கும் வாதம் அது. தேர்வில் சார்பு இருக்கிறது, உண்மைதான். அந்தச் சார்பு எதை நோக்கியது என்பதுதான் உங்கள் கட்டுரைக்குக் கிடைத்த பொருள்.

ஒப்பிட ஒரு நல்ல இடமும் சொல்கிறேன். நோல் நிறுவனத்தில் அவர் பயன்படுத்திய ஒட்டுப் படங்களைப் பாருங்கள். அறையின் தளப்படத்தின் மேல், சோபா இருக்கும் இடத்தில் அதே துணியின் நறுக்கு, மேசை இருக்கும் இடத்தில் அதே மரத்தின் மெல்லிய சீவல் என்று அளவுக்கேற்ப வெட்டி ஒட்டியிருப்பார். தையல் கலைஞர்களும் மேடை அமைப்பாளர்களும் கையாண்ட முறைதான். ஆனால் அந்தத் துணி நறுக்குகளை மனத்தால் நீக்கிவிட்டுப் பார்த்தால், அடியில் சுவர்க்கோடும் இடைவெளியும் கட்டடக்கலை மாணவியின் கணக்கோடு நிற்பது தெரியும். (வாடிக்கையாளருக்குக் கணினிப் படம் காட்டியே பழகிய நாங்கள் இதைப் பார்த்துச் சற்று வெட்கப்படலாம்.)

மறுமொழி (கட்டடக்கலை ஆசிரியர்)

ஓர் எச்சரிக்கை மட்டும். மீஸின் வகுப்பில் செய்த பயிற்சிகளை வைத்துத் தனிப்பட்ட ஒருவரின் கைவண்ணத்தைப் பேசுவது கடினம். கோட்டின் தடிமன், கற்களின் அடுக்கு, பொருள்கள் சேரும் இடம் என்று எல்லாருக்கும் ஒரே ஒழுக்கம் கற்பிக்கப்பட்டதால், ஒருவருடைய தாளுக்கும் பக்கத்து இருக்கைக்காரருடைய தாளுக்கும் வேறுபாடு அதிகம் தெரியாது. கிங்ஸ்வுட் காலத்து வேலையில்தான் அவரைத் தேட வேண்டும்.

மீண்டும் முதுகலை மாணவி

மூவருக்கும் நன்றி. தேர்வையே ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டு, கிங்ஸ்வுட் வீட்டையும் ஒட்டுப் படங்களையும் ஒப்பிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அவர் விட்டுவிட்டவற்றை எங்கே தேடுவது?

மறுமொழி (ஆவணக் காப்பகப் பணியில் இருப்பவர்)

கிரான்புரூக்கின் சொந்தக் காப்பகத்தில் தொடங்குங்கள். லண்டன் பள்ளிக்கும் காப்பகம் உண்டு. அங்கெல்லாம் நோல் என்றோ பாசெட் என்றோ தேடாதீர்கள். அவை 1946, 1958 ஆகிய ஆண்டுகளின் திருமணங்களால் வந்த பெயர்கள். பள்ளிப் பதிவேடுகளில் அவர் புளோரன்ஸ் ஷுஸ்ட். நண்பர்கள் எழுதிய கடிதங்களில் வெறும் 'ஷு' என்றும் வரக்கூடும்.