கிளேர் டெனி படங்களில் அவருடைய ஆப்பிரிக்கப் பால்யம்

கடைசிவரிசை: நேற்றிரவு 'ஷோக்கலா' பார்த்தேன். பிரெஞ்சு இயக்குநர் கிளேர் டெனி 1988இல் எடுத்த முதல் படம். அப்பா பிரெஞ்சுக் காலனி அரசில் அதிகாரி, அதனால் கேமரூன், ஜிபூத்தி என்று ஊர் ஊராக வளர்ந்தவர் என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன், ஏதோ பிள்ளைப்பிராய ஏக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். படமோ எதையும் வாய்திறந்து சொல்ல மாட்டேன் என்கிறது. வீட்டு வேலைக்காரர் ப்ரோத்தே மனதில் என்ன ஓடுகிறது என்று கடைசிவரை பிடிபடவில்லை. எனக்குத்தான் புரியவில்லையா?

அரைடிக்கெட்: கதவோரம் நின்று பெரியவர்களைப் பார்க்கிற குழந்தைக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவுதான் நமக்கும். அந்தக் குழாய்க் காட்சி ஞாபகம் இருக்கிறதா? சுடுமா என்று சிறுமி கேட்கிறாள், ப்ரோத்தே பேசாமல் தன் கையை அதில் வைக்கிறார், அவரை நம்பி அவளும் வைக்கிறாள், வெந்துபோகிறது. அதற்கு முன்னால்தான் அம்மாக்காரி அவரை வீட்டைவிட்டு கராஜுக்குத் தள்ளியிருப்பாள். அந்தக் கோபம் மகள் கையில் இறங்குகிறது, அவர் கையும் சேர்ந்தே வேகிறது. அந்தச் சிறுமி வளர்ந்தபிறகு ஒருவன் அவள் கைரேகை பார்க்க வருகிறான், ரேகையே தெரியவில்லை.

முட்டுச்சந்து: ஆனாலும் ஓர் உறுத்தல். ஆள வந்தவர் வீட்டுப் பெண் சொல்கிற கதையில் வேலைக்காரர் ஊமையாகிவிட்டாரே?

அரைடிக்கெட்: நியாயம்தான். ஆனால் டெனி தனக்குத் தெரியாததை ப்ரோத்தே வாயில் திணிக்கவில்லை பாருங்கள். கடைசியில் விமான நிலையத்தில் சுமை ஏற்றும் மூன்று பேர் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு சொல்கூட நமக்குக் கேட்காது.

மொட்டைமாடி: எல்லாவற்றையும் பால்யத்தின் தலையில் கட்டாதீர்கள். டெனி ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸிடம் 'பாரிஸ், டெக்சாஸ்' படத்தில் உதவி இயக்குநர், அந்த நிதானம் அங்கிருந்தும் வந்திருக்கலாம். 'போ த்ரவாய்' (1999) ஜிபூத்தியில் எடுத்ததுதான், சரி, ஆனால் கதைக்கு வித்து அமெரிக்க எழுத்தாளர் மெல்வில்லின் கப்பல் கதை. அப்புறம் அதில் ஒன்று எனக்குப் பிடிக்கும்: வெயிலில் வேர்த்து உழைக்கிற பிரெஞ்சுப் படைக்காரர்களை ஊர்ப் பெண்கள் சும்மா நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அதை மட்டும் வெண்டர்ஸிடம் கற்றிருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

கடைசிவரிசை: பத்து வயது வரை நான் மஸ்கட்டில் இருந்தேன். தினமும் பள்ளிக்குக் கூட்டிப்போன டிரைவர் எந்த ஊர்க்காரர் என்று ஒருநாளும் கேட்டதில்லை, நேற்று படம் முடிந்து படுத்தபிறகுதான் உறைத்தது. அடுத்து எதைப் பார்க்கட்டும்?

அரைடிக்கெட்: 'வைட் மெட்டீரியல்', 2009. மறுபடி கேமரூனில் எடுத்தது, இசபெல் உப்பேர் காபித் தோட்டத்தை விட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடிப்பார். ப்ரோத்தேயாக வந்த இசாக் தெ பங்கோலே இதிலும் உண்டு, இந்தமுறை காயம்பட்ட கிளர்ச்சிக்காரராக.