குனா காசில் ஓடும் விலங்கு

குரோஷியாவில் வேலை பார்த்தபோது எனக்குச் சம்பளம் அப்போதைய அந்நாட்டுப் பணமான குனாவில்தான். ஸாக்ரெப் டோலாட்ஸ் சந்தையில் ஒருநாள் பழம் வாங்கிவிட்டு, மீதிச் சில்லறையில் ஐந்து குனா காசை நிதானமாகப் பார்த்தேன். ஒரு பக்கம் கரடி. மறுபக்கம் 5 என்ற எண்ணுக்குப் பின்னால் நீண்ட உடம்பும் புசுபுசு வாலுமாக ஒரு சின்ன விலங்கு ஓடுகிறது. இரண்டு குனாவிலும் ஒரு குனாவிலும்கூட அதே விலங்கு. கடைக்கார அம்மாவிடம் காட்டிக் கேட்டேன். "அதுதான் குனா" என்றார்.

மார்ட்டின் என்ற விலங்கைத்தான் அவர்கள் குனா என்கிறார்கள். நம் நீலகிரி மார்ட்டினுக்கு நெருங்கிய உறவு. இடைக்காலத்தில், இன்றைய குரோஷியாவில் இருக்கும் ஸ்லவோனியா பகுதி மக்கள் இதன் தோலையே வரியாகக் கட்டியிருக்கிறார்கள். அந்த வரிக்கு லத்தீனில் மார்த்துரினா என்று பெயர். வரியைக் காசாக வாங்க ஆரம்பித்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. 13ஆம் நூற்றாண்டில் அங்கே அச்சான பனோவாட்ஸ் வெள்ளிக் காசிலும் இந்த விலங்கு ஓடுகிறது. எழுநூறு ஆண்டு தாண்டி என் கைச் சில்லறையிலும் அதே ஓட்டம்! அன்றிலிருந்து காசைப் பார்க்காமல் பையில் போட்டதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1994 மே 30-இல் தினாரை எடுத்துவிட்டுக் குனாவைக் கொண்டுவந்தபோது எதிர்ப்பும் இருந்தது. 1941 முதல் 1945 வரை நாஜிகளின் கைப்பாவையாக இருந்த குரோஷிய அரசின் பணத்துக்கும் இதே பெயர். அந்த ஆட்சியில் செர்பியர்கள், யூதர்கள், ரோமா மக்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். பெயர் எவ்வளவு பழையதானாலும், அந்தக் குடும்பங்களின் கசப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன்.

2023 ஜனவரி 1 முதல் அங்கே யூரோ. 7.5345 குனாவுக்கு ஒரு யூரோ என்று மாற்றினார்கள். குரோஷியாவின் ஒரு யூரோ காசிலும் மார்ட்டினைப் பொறித்திருக்கிறார்கள்.

*

இதைப் படித்த ஒருவர் எழுதிய பதில்:

அண்ணா, லிபாவை விட்டுவிட்டீர்களே! நூறு லிபா சேர்ந்தால் ஒரு குனா. லிபா என்றால் லிண்டன் மரம். லிபா காசில் எண்ணுக்குப் பின்னால் அதன் கிளை இருக்கும். ரியெக்காவில் கப்பல் நின்றபோது எனக்குச் சளி பிடித்துக்கொள்ள, தங்கியிருந்த வீட்டுப் பாட்டி காய்ந்த லிண்டன் பூவைக் கொதிக்க வைத்துத் தேன் விட்டுக் கொடுத்தார். மணமே தொண்டைக்கு இதமாக இருந்தது. இருபது லிபாவில் ஒலிவக் கிளை, ஐம்பது லிபாவில் வெலெபிட் மலையின் டெகேனியா பூ. என்னிடம் ஐம்பது லிபா இரண்டு இருக்கிறது, வேண்டுமானால் ஒன்று உங்களுக்கு.