புதுப்பிப்பு: நெல் விலை சப்டொமைன் திறந்துவிட்டது

கிளிநொச்சியில் எங்கள் கமக்காரர் அமைப்பின் தளத்தில், நெல் விலைக்கென சிபேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகை) உருவாக்கிய சப்டொமைன் (டொமைன் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த துணை முகவரி) திறக்கவில்லை என்று கேட்டிருந்தேனே, காரணம் பிடிபட்டது. எங்கள் டொமைனின் நேம்சர்வர் (அந்தப் பெயர் எந்த சர்வரில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் சர்வர்) ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இல்லை, வேறொரு சேவையில் இருக்கிறது. அதனால் சிபேனல் எழுதி வைக்கும் டிஎன்எஸ் பதிவை (பெயருக்கான முகவரிக் குறிப்பை) வெளியே யாரும் கேட்பதே இல்லை. அந்தச் சேவையில் ஏ ரெக்கார்ட் (பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவு) ஒன்று சேர்த்து சர்வரின் ஐபியைக் கொடுத்ததும் வந்துவிட்டது. முல்லைத்தீவில் இருந்து பார்த்த தம்பிக்கு மட்டும் கொஞ்சம் பிந்தியது. ஏனென்றால் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பழைய பதிலும் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) கொஞ்ச நேரம் தங்கும்.

அப்புறம் எஸ்எஸ்எல், அதாவது தளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழ். பிரதான டொமைனுக்கு மட்டும் எடுத்த சான்றிதழ் சப்டொமைனுக்குச் செல்லாது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டில் தனியாக எடுத்தேன். எங்களைப் போல நேம்சர்வர் வேறு இடத்தில் இருந்தால், சிபேனலில் சப்டொமைனை நீக்குவோர் அங்கே உள்ள டிஎன்எஸ் பதிவையும் நீக்குங்கள்.