ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

இரவுப்பணி:
உபுண்டு லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கும். இது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பகலில் தூங்கி எழுகிறவனின் பாடு வேறு. திரைச்சீலை மூடிய அறை, இணைய இணைப்பும் இல்லை, திரையில் 11:10. நிதானமாகக் குளித்துவிட்டு வங்கிக்குக் கிளம்பினேன். வெயில் தணிந்திருந்ததை மழைமூட்டம் என்று எண்ணிக்கொண்டேன். காவலாளி பாதி இறக்கிய ஷட்டரைப் பிடித்தபடி என் பாஸ்புக்கைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டேன்.

கட்டளைவரி:
அது தலைகீழ் வைத்தியம், நண்பரே. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொதுநேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. திருத்த வேண்டியது விண்டோஸை. விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்பதைச் சேர்த்து மதிப்பை 1 ஆக்குங்கள். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்குத் திருப்பினால் அதுவே எச்சரிக்குமே, படிக்கவில்லையா? இன்னொன்று, யாரும் கேட்கவில்லைதான்: கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் அமைப்பைத் தொடுமுன், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களையும் தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளைக் கணினிப் பைக்குள்ளேயே வைக்காதீர்கள். விண்டோஸை முதலிலும் லினக்ஸை அடுத்தும் நிறுவுங்கள். என் அனுபவமா? தம்பி இடம் போதவில்லை என்று லினக்ஸ் இருந்த வட்டுப் பகுதியை (பார்ட்டிஷனை) அழித்தான். கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரலின் கோப்புகளும் அதோடு போய்விட்டன. மறுநாள் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' மட்டும் வந்தது.

அச்சுக்கூடம்:
பழைய தமிழ் எழுத்துருக்களுக்காகப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள், அதற்காக விண்டோஸ். அட்டை வடிவமைப்பெல்லாம் லினக்ஸில், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில். இரண்டுக்கும் பொதுவாக ஒரு டி டிரைவ். கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மணமகளின் தாத்தா பெயருக்கு முன் 'தெய்வத்திரு' சேர்க்க வேண்டியிருந்தது. லினக்ஸில் சேர்த்தேன், சேமிக்கவே முடியவில்லை. படிக்க மட்டுமே அனுமதி என்று திரும்பத் திரும்பச் செய்தி. பக்கத்தில் நின்ற பெண்ணின் சித்தப்பா, "பெரியவர் போனதைக் கணினியும் ஏற்கவில்லை போலிருக்கிறது" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. விரைவாகத் தொடங்குவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தன் மையப்பகுதியான கெர்னலை வட்டில் உறையவைத்துவிட்டுப் போகிறது. அந்த டிரைவில் எழுத லினக்ஸ் மறுக்கிறது. இப்போதெல்லாம் ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டுதான் மூடுகிறேன்.

பழைய மாணவி:
எதை முதலில் நிறுவுவது என்ற பேச்சே எங்களுக்கு வந்ததில்லை. தமிழக அரசின் இலவச மடிக்கணினியில் விண்டோஸும் மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. வகுப்பில் பலரும் இரண்டாவதைத் திறந்தே பார்க்கவில்லை. என் அக்கா மட்டும் அதில்தான் எழுதுவாள், தங்கைகள் எட்டிப்பார்க்க மாட்டார்கள் என்பதால். ஒருநாள் வேகம் குறைந்ததென்று கடையில் கொடுத்தோம். கடைக்காரர் திருப்பித் தரும்போது, "யாரும் பயன்படுத்தாத ஒன்று இருந்தது, எடுத்துவிட்டேன், நிறைய இடம் மிச்சம்" என்று பெருமையாகச் சொன்னார். அக்கா நன்றி சொல்லிப் பணமும் கொடுத்தாள். அதில் என்ன எழுதியிருந்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. கட்டளைவரி அண்ணா, பேக்கப் பற்றித் தயவுசெய்து தொடங்காதீர்கள்.