அவித்த கிறேபிஷ் சதையின் சத்து: கொலஸ்ட்ரோல் உள்ள அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

களுவாஞ்சிகுடி மகள்:

அனைவருக்கும் வணக்கம். எனது அப்பாவுக்கு 67 வயது. கொலஸ்ட்ரோல் கூடியிருப்பதாகச் சொல்லி இரண்டு வருடங்களாக மாத்திரை எடுக்கிறார். கிளினிக்கில் யாரோ இறால், நண்டு எதையும் தொடக் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து, வாவி இறால் வீட்டுக்கு வந்தாலும் அவர் தன் கோப்பையில் சொதியை மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்து விடுகிறார். சிறு வயதில் தன் அப்பாவோடு தோணியில் போய் வீச்சுவலை வீசிய மனிதர் அப்படி எழுந்து போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அடுத்த மாதம் அவர் மெல்பேர்னில் உள்ள அண்ணாவிடம் மூன்று மாதங்களுக்குப் போகிறார். அங்கே குளங்களில் பிடிக்கும், இறாலைப் போல் ஓடுடைய கிறேபிஷை அவித்துச் சாப்பிடுவார்கள் என்றும், அதில் கொழுப்பே இல்லை என்றும் அண்ணா சொல்கிறார். அவித்த கிறேபிஷில் உண்மையில் என்ன சத்து இருக்கிறது, அது நம் இறாலை விட நல்லதா, அப்பா அதைச் சாப்பிடலாமா என்பதை அறிந்தவர்கள் தயவு செய்து விளக்கமாகச் சொல்லுங்கள்.

கல்முனை போசாக்கு:

வணக்கம் தங்கை. நான் போசாக்குத் துறையில் வேலை செய்கிறேன். அண்ணா சொன்னதில் பாதிக்கு மேல் சரி. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தரவுகளின்படி, குளத்திலும் ஆற்றிலும் பிடித்து, உப்புச் சேர்க்காமல் அவித்த கிறேபிஷின் 100 கிராம் சதையில் ஏறத்தாழ 82 கிலோகலோரியும் 17 கிராம் புரதமும் உண்டு, கொழுப்பு 1.2 கிராம்தான், அதிலும் நெய்யிலும் தேங்காயிலும் அதிகமுள்ள நிறைகொழுப்பு என்ற வகை 0.2 கிராமைத் தாண்டாது. விற்றமின் பி12 2 மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகமாக இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே 2.4 மைக்ரோகிராம்தான். செலீனியம் 37 மைக்ரோகிராம், பொஸ்பரஸ் 270 மில்லிகிராம், அதோடு செம்பும் நாகம் என்ற சிங்க் தாதும் கணிசமாகக் கிடைக்கும். பசி குறைந்து, சோற்றை மட்டும் உண்டு தசை மெலிந்து வரும் வயதில் இத்தகைய புரதம் பெரிய உதவி.

கொலஸ்ட்ரோல் 133 மில்லிகிராம். நம் இறாலைப் போன்ற இறால் வகைகளில், அவித்த 100 கிராமுக்கு 99 கிலோகலோரியும் 24 கிராம் புரதமும் 190 மில்லிகிராம் அளவு கொலஸ்ட்ரோலும் உண்டு. ஓர் அவித்த முட்டையிலும் கிட்டத்தட்ட அதே அளவு கொலஸ்ட்ரோல்தான். ஆகவே கிறேபிஷ் இறாலை விடச் சற்றுக் குறைவு, ஆனால் புரதத்தில் இறால் முந்துகிறது. இரண்டுக்கும் இடையில் அப்பா கவலைப்பட வேண்டிய அளவு வித்தியாசம் இல்லை.

உணவில் உள்ள கொலஸ்ட்ரோல் அப்படியே குருதிக்குள் போய்ச் சேருவதில்லை. நம் உடலிலுள்ள கொலஸ்ட்ரோலின் பெரும் பகுதியை உடலே உண்டாக்குகிறது, பெரும்பாலானவர்களுக்கு கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல். அளவை அதிகம் உயர்த்துவது உணவிலுள்ள நிறைகொழுப்பு. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்று அமெரிக்க உணவு வழிகாட்டியில் இருந்த எல்லை 2015 ஆம் ஆண்டுப் பதிப்பில் எடுக்கப்பட்டது. அதற்காகக் கணக்கின்றி உண்ணலாம் என்று பொருளல்ல. சிலரின் உடல் உணவுக் கொலஸ்ட்ரோலுக்கு மற்றவர்களை விடக் கூடுதலாக எதிர்வினை காட்டும் என்பதால், வாரத்தில் இரண்டு நாள், ஒரு தடவைக்கு 100 கிராம் சதை என்று தொடங்கலாமா என அவருடைய வைத்தியரிடம் கேளுங்கள். மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம்.

காத்தான்குடி அடுப்படி:

ராத்தா ஒருத்தி சொல்கிறேன், கேளுங்கள் தங்கச்சி. முப்பது வருடங்களாக இறால் ஆக்குகிறேன். மேலே சொன்ன கணக்கெல்லாம் வெறும் தண்ணீரில் அவித்த சதைக்கு உரியது. நம் வீடுகளில் யார் அப்படிச் சாப்பிடுகிறோம்? ஒரு தேங்காயின் முதற்பாலை முழுவதும் ஊற்றி, எண்ணெய் மிதக்கும் வரை வற்றவிட்டு இறக்குகிறோம். கெட்டியான தேங்காய்ப்பால் 100 கிராமில் 21 கிராம் அளவு நிறைகொழுப்பு இருப்பதாக எனக்குச் சொல்லித் தந்தது தாதியாக வேலை செய்யும் என் மகள். அப்படியானால் உங்கள் அப்பா இரண்டு வருடங்களாக இறாலை ஒதுக்கிவிட்டுச் சொதியைக் குடித்து வருகிறார்; ஒதுக்க வேண்டியதை உண்டு, உண்ண வேண்டியதை ஒதுக்கியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

என் கணவருக்கும் இதே நிலை வந்தபோது நான் முறையை மாற்றினேன். இறாலின் முதுகைக் கீறி அந்தக் கறுப்பு நரம்பை எடுத்து, மஞ்சளும் மிளகும் கொறுக்காய்ப் புளியும் போட்டு, கைப்பிடி கறிவேப்பிலையோடு மூடி வைத்தால் அதன் தண்ணீரிலேயே அது வெந்துவிடும். சாம்பல் நிறம் மாறிச் செம்மஞ்சளாகி, வால் உள்நோக்கி வளைந்ததும் இறக்க வேண்டும். அதற்கு மேல் அடுப்பில் இருந்தால் சதை இறப்பரைப் போல் ஆகிவிடும். பால் வேண்டும் என்றால் கடைசியாகப் பிழிந்த தண்ணீர்ப் பாலில் இரண்டு கரண்டி போதும்.

கல்முனை போசாக்கு:

ராத்தா சொன்னது மிகச் சரி; நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது. அந்த நிறம் மாறுவதற்கும் காரணம் உண்டு. ஓட்டிலுள்ள அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கிறது; சூட்டில் அந்தப் புரதம் குலையும்போது சிவப்பு வெளிப்படுகிறது. கிறேபிஷும் அப்படியே சிவக்கும்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் நீரில் அவித்த கிறேபிஷில் சோடியம் 94 மில்லிகிராம்தான். ஆனால் அதை அவிக்கும் நீரில் அள்ளி அள்ளி உப்பும் மசாலாத்தூளும் போடுவது பல இடங்களில் வழக்கம். அப்பாவுக்குப் பிரஷரும் இருந்தால் அண்ணா வீட்டில் உப்பில்லாமல் அவித்து, பிறகு தேசிக்காய் பிழிந்து கொடுக்கச் சொல்லுங்கள். தலைக்குள் இருக்கும் மஞ்சள் நிறக் கொழுப்பை உறிஞ்ச வேண்டாம். அது கல்லீரல் போன்ற உறுப்பு, நீரிலுள்ள கட்மியம் போன்ற உலோகங்கள் சேருமிடம். மூட்டுவாதத்துக்கு யூரிக் அமிலம் பார்த்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

அக்கரைப்பற்று வாசகர்:

நான் சில வருடங்கள் அவுஸ்திரேலியாவில் இருந்தவன் என்பதால் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். அங்கே கிறேபிஷ் என்ற பெயரை இரண்டு உயிர்களுக்குச் சொல்கிறார்கள். குளத்தில் பிடிப்பதற்கு யாபி என்ற பெயரே அதிகம் வழங்குகிறது. கடலில் பிடிக்கும், நம் சிங்கி இறாலுக்கு உறவான பெரிய இறாலையும் பலர் கிறேபிஷ் என்றே அழைக்கிறார்கள். சிங்கி இறால் வகையின் அவித்த சதையில் 100 கிராமுக்குப் புரதம் 26 கிராம், கொலஸ்ட்ரோல் 90 மில்லிகிராம் அளவு. அண்ணா எதைச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளத்துக் கிறேபிஷில் ஓடும் தலையும் போக வால் சதை மிகக் கொஞ்சம்; 1 கிலோ அவித்தால் 150 கிராம் தேறினால் பெரிது. தட்டு மலைபோல் தெரிந்தாலும் அப்பா அளவுக்கு மீறிச் சாப்பிட்டு விடுவார் என்று பயப்பட வேண்டியதில்லை. குடும்பத்தில் யாருக்காவது இறால் ஒவ்வாமை இருந்தால் மட்டும் அவர்கள் கிறேபிஷைத் தொடக் கூடாது. ஒவ்வாமை தரும் புரதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே, அவித்தாலும் அது அழிவதில்லை.

களுவாஞ்சிகுடி மகள்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணாவிடம் கேட்டேன், குளத்து யாபிதான் என்றார். நேற்றுக் கிளினிக் நாள் என்பதால் வைத்தியரிடமும் கேட்டேன். யூரிக் அமில அளவு சரியாக இருக்கிறது, வாரத்தில் இரண்டு நாள் சாப்பிடலாம், தேங்காய்ப்பாலைக் குறையுங்கள் என்றார். இன்று ராத்தா சொன்ன முறையில் வாவி இறால் ஆக்கி, தராசில் வைத்துப் பார்த்தேன். நடுத்தர இறால் 14 வைத்தபோது 100 கிராம் காட்டியது. அவற்றை அப்பாவின் கோப்பையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கொறுக்காய் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்றார்.