மறு: சப்டக்‌ஷன் – தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

வசனவரி எழுதுபவன்

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கான கடலறிவியல் அறிமுக வகுப்புகளுக்குத் தமிழில் வசனவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 12 காணொளிகள். 9 முடிந்துவிட்டன. பத்தாவதில் சப்டக்‌ஷன் என்ற சொல் 31 முறை வருகிறது. எனக்குக் கிடைத்த பழைய வரைவில் ஒரு பக்கம் 'அமிழ்தல்', அடுத்த பக்கம் 'தாழ்தல்', அதற்கடுத்து 'உள்வாங்கல்'. மூன்றும் ஒன்றுதான் என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?

சொல் வருகிற இடம் இது. நடுக்கடல் முகடுகளில், அதாவது கடலடி மலைத்தொடர்களில், புதிய தரை பிறந்துகொண்டே இருக்கிறது. அட்லாண்டிக்கில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பழைய பாறை கிடைக்கிறது. பெருங்கடல் தரையிலோ சுமார் 18 கோடி ஆண்டுக்கு மூத்த பாறை அநேகமாக இல்லை. அப்படியானால் பழைய தரையெல்லாம் எங்கே போனது? இங்கே ஆசிரியர் கொஞ்சம் நிறுத்தி அந்தச் சொல்லைச் சொல்கிறார். பூமியின் மேல்பாகம் பெரிய பாறைத் தட்டுகளாக இருக்கிறது; அதில் ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் போய்ப் பூமிக்குள் இறங்குவதுதான் அது. கேட்டவுடன் படம் தெரிகிற சொல்லாக வேண்டும். திரையில் இடம் மிகக் குறைவு என்பதையும் மனதில் வையுங்கள்.

தமிழாசிரியர் (பணி நிறைவு)

தம்பி, கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்? 'கடல்கோள்' இருக்கிறதே. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் (கோட்டை அல்ல, கோடு, அதாவது மலை!) 'கொடுங்கடல் கொள்ள' என்று சிலம்பில் படித்தோமே. கொள் என்றாலே உள்ளே எடுத்துக்கொள்வது. கொள், கோள், கொள்கலம், கொள்ளை எல்லாம் ஒரே அடி. கொளுத்துதலையும் அதில் சேர்ப்பேன், அதைத் தனி மடலில் விரிக்கிறேன். கடல் என்ற முன்னொட்டு இடித்தால் 'கீழ்க்கோள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே அசை.

கல்லும் மண்ணும்

ஐயா, மன்னிக்கவும். கடல்கோளில் நிலத்தைக் கடல் கொள்கிறது. இங்கே கடலின் தரையைப் பூமி கொள்கிறது. எழுவாயே இடம் மாறிவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்தச் சொல்லைப் போட்டவுடன் வகுப்பில் லெமூரியா எழுந்து நிற்கும். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் எப்படி என்று விளக்க 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் கடலில் மூழ்கிய ஒரு கண்டத்தைக் கற்பனை செய்தார். அந்தக் கற்பனைக்கு வேலையில்லாமல் செய்ததே தட்டு நகர்வுக் கொள்கைதான். இடையில் எதுவும் மூழ்கவில்லை; ஒட்டியிருந்த நிலங்கள் விலகின, அவ்வளவுதான். அதற்கான சான்றில் ஒரு முக்கியத் துண்டு நம் பக்கத்துக் கடலிலேயே கிடைத்தது. இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் முகட்டின் மேல் 1962-இல் கப்பலிலிருந்து எடுத்த காந்த அளவீடுகளை வைத்துத்தான் வைன், மேத்யூஸ் என்ற புவியியலாளர்கள் 1963-இல் கடலடிக் காந்த வரிகளுக்கு விளக்கம் எழுதினார்கள். முகட்டில் தீக்குழம்பு உறையும்போது அன்றைய காந்தத் திசையைப் பாறை பிடித்துக்கொள்கிறது. பூமியின் காந்தம் தலைகீழானால் அடுத்த வரி தலைகீழாகப் பதிகிறது. முகட்டின் இந்தப் பக்கம் என்ன வரிசையோ அதே வரிசை அந்தப் பக்கமும். ஜமுக்காளம் மாதிரி. இதையெல்லாம் சொல்லிவிட்டு 'கடல்கோள்' என்று எழுதினால் நாமே நம் பாடத்தைக் கெடுக்கிறோம்.

என் வாக்கு 'அமிழ்தல்'. முகட்டை விட்டு விலக விலகத் தட்டு குளிர்கிறது, கனக்கிறது. தன் கனத்தாலேயே இறங்கி, பின்னால் இருப்பதையும் இழுக்கிறது.

நெய்தல் டீச்சர்

அமிழ்தல் வேண்டாம் அண்ணா. நான் கடற்கரைப் பள்ளியில் பாடம் எடுக்கிறவள். இந்தப் பாடத்தைத் திறந்தாலே பிள்ளைகள் கேட்பது 2004 டிசம்பர் 26 பற்றித்தான். அன்று சுமத்ரா பக்கத்து ஆழ்கடல் பள்ளமான சுந்தா அகழியை ஒட்டிச் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு உடைந்தது. அங்கே கீழே போவது இந்தியத் தட்டு, மேலே இருப்பது பர்மாத் தட்டு. ஆனால் அன்று 4 மீட்டருக்கு மேல் இறங்கியது எது? பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை. அது மேல் தட்டில் இருக்கிறது! கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போய்விட்டது. அதே நாளில் வட அந்தமானில் பவளத் திட்டுகள் மேலே எழும்பி வெயிலில் செத்தன. இப்போது நான் பலகையில் 'அமிழ்ந்தது' என்று எழுதினால் எந்தத் தட்டு என்று பிள்ளை புரிந்துகொள்ளும்?

இன்னொன்று, அமிழ்வதற்குத் தண்ணீர் வேண்டும். மேலோட்டுக்குக் கீழே தீக்குழம்புக் கடல் ததும்புகிறது என்று பிள்ளைகள் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருப்பது திடப் பாறை, பல கோடி ஆண்டுக் கணக்கில் நெகிழ்ந்து நகர்கிறது என்று சொல்லிப் புரியவைக்கவே எனக்கு ஒரு வாரம் போகிறது.

கூரை வேய்கிறபோது ஒரு கீற்றுக்கு அடியில் இன்னொன்றைச் செருகுவார்கள் இல்லையா? 'கீழ்ச்செருகல்' என்று வைத்தால் என்ன?

கணித்தமிழ்

செருகு என்பதைக் கணினியில் இன்செர்ட்டுக்குக் கொடுத்துவிட்டோம். செருகுநிரல் வேறு இருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

சொல்லை விடுங்கோ, தட்டு என்பதே சரியா? நாங்கள் பள்ளியில் தகடு என்றுதான் படித்தோம். தட்டில் சோறு அல்லவா போடுவது?

தமிழாசிரியர் (பணி நிறைவு)

தகடு என்றால் இங்கே மாந்திரீகம். வாசற்படிக்கு அடியில் புதைப்பது. கீழே போகிறது என்ற அளவில் பொருத்தம் உண்டுதான்.

இனி செருகலுக்கு வருகிறேன். செருகு செயப்படுபொருளைக் கேட்கிற வினை. பூவைச் செருகினாள், கத்தியைச் செருகினான். தட்டை யார் செருகினார்? ஆள் இல்லாமல் செருகல் ஏது?

தமிழாசிரியர் (பணி நிறைவு)

தூக்கம் வராமல் மீண்டும் எழுதுகிறேன். தூக்கத்தில் கண் செருகுகிறது என்கிறோம். கண்ணை யாரும் செருகுவதில்லை, அது தானாகவே மேலிமைக்குள் போகிறது. ஆக, செருகு செயப்படுபொருள் இல்லாமலும் வழங்குகிறது. இலக்கணத் தடையை நானே விலக்கிக்கொள்கிறேன். நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. கீழ்க்கோள்மேல் உள்ள பற்று குறையவில்லை.

கல்லும் மண்ணும்

செருகினது செருகின இடத்தில் நிற்கும். கொண்டையில் பூ, இடுப்பில் வேட்டி மடிப்பு, டீச்சரின் கீற்று, எல்லாமே. தட்டு அப்படி நிற்கிற ஆள் இல்லை. அகழியிலிருந்து மேல் தட்டின் பக்கம் போகப் போக நிலநடுக்கங்கள் ஆழமாகிக்கொண்டே போவதை ஜப்பானில் வடாட்டியும் பிறகு அமெரிக்காவில் பெனியாஃபும் காட்டினார்கள். சாய்தளமாக 700 கிலோமீட்டர் ஆழம் வரை. அந்த இறக்கம் செருகலில் எங்கே?

உண்மையைச் சொன்னால், என் வகுப்பில் சப்டக்‌ஷன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். படத்தை வரைந்தால் புரிந்துவிடுகிறது.

நெய்தல் டீச்சர்

படம் வரைய உங்களுக்குக் கரும்பலகை இருக்கிறது. வசனவரிக்கு ஏது? 'சப்டக்‌ஷன்' என்று எழுதினால் என் பிள்ளைகள் சப்ட்ராக்‌ஷன் என்று படிக்கிறார்கள். கழித்தல் கணக்கு. கடல்தரையைப் பூமி கழித்துக்கொள்கிறது என்று வேண்டுமானால் சமாளிக்கலாம்!

செருகியது நிற்கும் என்பது சரிதான். அதனால்தான் அடுத்த வரியிலேயே 'செருகிய தட்டு மேலும் இறங்குகிறது' என்று எழுதச் சொல்கிறேன். அது கொண்டுபோகும் நீர் மேலே கசிந்து பாறையை உருகவைப்பதும், பாரன் தீவில் எரிமலை புகைவதும் அதற்குப் பிந்தைய கதை. எல்லாவற்றையும் ஒரே சொல் சுமக்க வேண்டுமா?

கணித்தமிழ்

சுமக்க வேண்டாம். போன மாதம் கரன்ட்டுக்கு நீவாடா நீரோட்டமா என்று 60 மடல் எழுதினோம். அது இன்னும் முடியவில்லை.

வசனவரி எழுதுபவன்

வியாழன் இரவு ஆகிவிட்டது, எண்ணிவிட்டேன். தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்துக் கீழ்ச்செருகல் 4, அமிழ்தல் 2, கீழ்க்கோள் 1. தட்டு, தகடு இரண்டில் தட்டே இருக்கட்டும். முந்தைய 9 காணொளிகளைத் திருத்த என்னால் முடியாது. முதல் முறை மட்டும் 'கீழ்ச்செருகல், அதாவது சப்டக்‌ஷன்' என்று போடுகிறேன். நடுவில் 'ச்' என்ற ஒற்றெழுத்தை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறேன், ஐயா.

ஒரு சின்ன விஷயம். பதினொன்றாவது காணொளியைத் திறந்தேன். அப்டக்‌ஷன் என்று ஒன்று வருகிறது. கடல்தரை கீழே போகாமல் கண்டத்தின் மேலே ஏறிவிடுவது. ஓமன் மலைகளை உதாரணம் காட்டுகிறார்கள். திங்கட்கிழமைக்குள் வேண்டும்.

கல்லும் மண்ணும்

ஐயா வழியில் போனால் அது 'மேற்கோள்' ஆகிவிடும்.

தமிழாசிரியர் (பணி நிறைவு)

சிரிக்க வேண்டாம். மேற்கோள் என்ற சொல்லில் கோள் எப்படி வந்தது என்று ஒரு நாள் எழுதத்தான் போகிறேன். கீழ்க்கோளுக்கு விழுந்த அந்த ஒரு வாக்கு என்னுடையது என்றும் குறித்துக்கொள்ளவும்.