வாய்ப்புண்ணுக்குச் சீனத் தர்பூசணிப் பொடி: யாராவது போட்டதுண்டா?

தேக்கா வாசி:
நாக்கு ஓரத்தில் மிளகளவு புண், மூன்று நாளாக ரசம் சாதம்கூட இறங்கவில்லை. கீழ்வீட்டுச் சீனப் பாட்டி ஒரு குட்டிப் புட்டியோடு வந்தார், தர்பூசணிப் பொடியாம், என்னை வாயைத் திறக்கச் சொல்லி அவரே பீய்ச்சியும் விட்டார். சுள்ளென்று எரிந்தது, அப்புறம் பச்சைக் கற்பூரம் போட்டதுபோல ஜில்லென்று ஆகிவிட்டது, ராத்திரி காரமான மீ கோரெங் நூடுல்ஸே சாப்பிட்டேன்!

மாத்திரை டப்பா:
ஜில்லென்றது போர்னியால், கற்பூர வகைதான். கொஞ்ச நேரம் வலி தெரியாது, அவ்வளவுதான். சாதாரண வாய்ப்புண் ஒன்றும் போடாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். நாலாம் நாள் பொடி போட்டு எட்டாம் நாள் ஆறினால் பெயர் பொடிக்கு.

ஈப்போ அண்ணாச்சி:
அவ்வளவுதான் என்று தள்ளாதீர்கள் தம்பி. தர்பூசணியின் தலையைச் சீவி, சதையைக் குடைந்து எடுத்து, உள்ளே சோடியம் சல்பேட் உப்பை நிரப்பி, மூடி, காற்றோட்டமான நிழலில் கட்டித் தொங்கவிடுவார்கள். சில நாளில் தோலின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூக்கும், அதைத் தூரிகையால் தட்டி எடுப்பதுதான் மூலச்சரக்கு. வாய்ப்புண் வந்தால் சீனர்கள் ‘ஷாங் ஹுவோ’ என்பார்கள், நெருப்பு ஏறிவிட்டது என்று. நம் அம்மா ‘உடம்பு சூடு’ என்று மணத்தக்காளிக் கீரை கடைந்தாளே, அதேதானே?

மாத்திரை டப்பா:
அம்மா கீரைதான் கடைந்தார், பாதரசம் கொடுக்கவில்லை. 1617-இல் சீன வைத்தியர் சென் ஷிகோங் எழுதிய அறுவை மருத்துவ நூலில் வரும் ‘பிங் பெங் சான்’ என்ற வாய்ப்புண் பொடியில் வெண்காரம் (போராக்ஸ்), போர்னியாலோடு சாதிலிங்கமும் உண்டு. சாதிலிங்கம் என்றால் பாதரச சல்பைடு, அதைப் புண்ணில் தூவி எச்சிலோடு விழுங்குவதா? ஹுவாங் லியன் என்ற கசப்பு வேர் சேர்ந்த பொடிகளும் இருக்கின்றன. ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடுள்ள பச்சைக் குழந்தைகளுக்குக் காமாலை வருகிறது என்று சிங்கப்பூரில் 1978-இல் அந்த வேரைத் தடையே செய்தார்கள்.

ஈப்போ அண்ணாச்சி:
பாதியை விட்டுவிட்டீர்களே, அந்தத் தடையை 2013 முதல் படிப்படியாக எடுத்தும் விட்டார்கள். வெண்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்து நம் வீட்டிலேயே நாக்கில் தடவியிருக்கிறார்கள், சாதிலிங்கம் சித்த மருந்திலும் உண்டு. சீனன் செய்தால் மட்டும் விஷமா?

மாத்திரை டப்பா:
யார் செய்தாலும்தான் அண்ணாச்சி. வெண்காரத்தைக் குழந்தை வாயில் வைக்காதீர்கள் என்று நம்மவர்களிடமும் தலையால் அடித்துக்கொள்கிறேன்.

பூமாலை:
சண்டை நடுவே ஒரு வார்த்தை. எனக்கு வாய்ப்புண் மாதம் தவறாமல் வரும். வூ சூ யூ என்ற காயை இடித்துக் காடியில் குழைத்து உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு படுக்கச் சொன்னார் சீனத் தோழி, நெருப்பு கீழே இறங்குமாம். ஒரு வாரம் படுக்கையெல்லாம் ஊறுகாய் வாடை, வீட்டுக்காரர் ஹாலுக்குப் போய்விட்டார், புண் போகவில்லை. கடைசியில் ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு என்றார்கள், மாத்திரை எடுத்த பிறகு வருவது அரிது.

ஈப்போ அண்ணாச்சி:
நாடி பார்க்காமல் தோழி சொன்னதை ஒட்டினால் எப்படியம்மா?

மாத்திரை டப்பா:
மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண் என்றால் பொடி, நாடி எதுவும் வேண்டாம், நேராக மருத்துவரிடம் காட்டுங்கள். வாய்ப் புற்றும் இப்படித்தான் தொடங்கும்.

தேக்கா வாசி:
பயமுறுத்தாதீர்கள் அண்ணே, ஐந்தாம் நாள்தான். புட்டியைப் படம் பிடித்துக் கைப்பேசியில் மொழிபெயர்த்தேன். வெண்காரம் இருக்கிறது, ஹுவாங் லியன் இருக்கிறது, சாதிலிங்கம் இல்லை. இன்று போடவில்லை. பாட்டி மின்தூக்கி வாசலில் பார்த்து வாயைத் திற என்றால் என்ன சொல்வது, அதைச் சொல்லுங்கள்.